தங்க முலாம் பூசிய லிகச்சர்: விளம்பரம் சொன்னதும் நாங்கள் கண்டதும்

பின்னணி

நான் கிளாரினெட் கற்றுத் தருகிறவன். இளைஞர்கள் வாசிக்கும் ஒரு காற்றிசைக் குழுவில் கிளாரினெட் வரிசை என் பொறுப்பு. அந்த வரிசையில் 17 வயது மாணவர் ஒருவர் ஐந்து ஆண்டுகளாக பி ஃப்ளாட் கிளாரினெட் வாசித்து வருகிறார். இசைப் பள்ளி நுழைவுத் தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தபோது அவருடைய வாசிப்பில் மூன்று தொந்தரவுகள் ஒன்றாக வந்து சேர்ந்தன. ரெஜிஸ்டர் கீயை அழுத்தி மேல் பகுதிக்குத் தாண்டும் இடத்தில் வாத்தியம் கீச்சிட்டது. நீண்ட ஸ்வரங்களில் காற்றுச் சத்தம் கலந்தது. ஸ்வரங்களைத் துண்டு துண்டாக வாசிக்கும் ஸ்டக்காட்டோவில் ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கமும் மழுங்கிக் கேட்டது.

பயிற்சி குறைந்ததால் வந்த சிக்கல் இல்லை. முன்னைவிட அதிகமாகவே வாசித்துக்கொண்டிருந்தார். ஊதும்போது அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய நாணல் தகடுதான் ரீட். அதன் விறைப்பைக் குறிக்கும் எண்ணில் 3-லிருந்து 2.5-க்கு இறங்கினார், பிறகு திரும்ப ஏறினார். புதுப் பெட்டி திறந்தார். எதுவும் உதவவில்லை. அந்த நேரத்தில்தான் ஒரு லிகச்சரின் விளம்பரம் அவர் கண்ணில் பட்டது. லிகச்சர் என்பது ரீட்டை, வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸோடு சேர்த்துப் பிடிக்கும் வளையம், அவ்வளவுதான். ஆனால் விளம்பரம் அதற்குக் கொடுத்த வேலைகள் பெரியவை. முழுக்க உலோகத்தால் ஆனது, மேலே தங்க முலாம். ரீட்டை நான்கு புள்ளிகளில் மட்டுமே தொடும் என்பதால் ரீட் தடையில்லாமல் அதிரும். ஒலி இருண்டு, கனத்து வரும். நாக்கு பட்டதும் ஸ்வரம் உடனே பேசும். அரங்கின் கடைசி வரிசை வரை ஒலி போகும்.

பல மாதங்களாகச் சேர்த்த பணத்தில் அவர் அதை வாங்கினார். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்கினார். நானும் தடுக்கவில்லை.

முதல் வாரத்தில் பார்த்தது

புது லிகச்சரை மாட்டி வாசித்த முதல் நாளே கீச்சு நின்றுவிட்டது. காற்றுச் சத்தம் குறைந்தது. அறையின் மறுகோடியில் நின்றிருந்த எனக்கே வித்தியாசம் தெளிவாகக் கேட்டது. "சார், ரீட்டே புதுசா மாறின மாதிரி இருக்கு" என்றார். அது அவர் மனதுக்குத் தோன்றிய மாற்றம் மட்டும் இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மூன்று தொந்தரவுகளில் இரண்டு உண்மையாகவே போயிருந்தன. மூன்றாவதும் பாதி சரியாகியிருந்தது.

அதைக் கேட்ட மகிழ்ச்சியில் வரிசையில் இருந்த மற்றவர்களிடம் அந்த லிகச்சரைப் பாராட்டிப் பேசினேன். என் பேச்சை நம்பி இன்னும் இரண்டு பேர் அதையே வாங்கினார்கள். ஒருவருக்கு "கொஞ்சம் நன்றாக இருக்கிறது போல" என்ற அளவில் நின்றது. இன்னொருவருக்கு எந்த மாற்றமும் இல்லை. அதே சொரசொரப்பு, அதே தாமதம். அதே வாரத்தில் நான்காவதாக ஒரு மாணவி, தன் வாத்தியமும் கீச்சிடுகிறது என்றும், வீட்டில் கடன் வாங்கியாவது அதை வாங்கலாமா என்றும் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருவருக்கு இரண்டு தொந்தரவுகளைத் தீர்த்த பொருள் இன்னொருவருக்கு ஒன்றைக்கூடத் தீர்க்கவில்லை என்றால், நான் பாராட்டிக்கொண்டிருப்பது எதை? ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிவிட்டு, முதல் மாணவரிடம் அவருடைய பழைய லிகச்சரைக் கொண்டுவரச் சொன்னேன்.

பழைய லிகச்சரைக் கையில் எடுத்தபோது

அது சாதாரண இரண்டு திருகு லிகச்சர். பித்தளைப் பட்டை, மேலே நிக்கல் பூச்சு. மவுத்பீஸில் மாட்டாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததுமே அது வட்டமாக இல்லை என்று தெரிந்தது. பெட்டிக்குள் எப்போதோ நசுங்கி, முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. மேல் திருகின் மரை தேய்ந்து போயிருந்தது. எவ்வளவு திருகினாலும் வழுக்கிச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட அவர் கீழ்த் திருகை முழு பலத்தோடு இறுக்கி வந்திருக்கிறார்.

அவர் பயன்படுத்திய ரீட்டுகளைப் பார்த்தோம். லிகச்சர் உட்காரும், நாணலின் தோல் சீவப்படாத பகுதியில் இடது பக்கம் மட்டும் ஆழமான தடம் பதிந்திருந்தது. வலது பக்கத்தில் கீறல்கூட இல்லை. ரீட் ஒரு பக்கமாக மட்டும் அமுங்கி, மறுபக்கம் மவுத்பீஸின் தட்டையான மேடையை விட்டு லேசாக எழும்பியபடியே இத்தனை நாள் வாசிக்கப்பட்டிருக்கிறது.

அப்புறம், கிளாரினெட்காரர்கள் எல்லோரும் செய்யும் உறிஞ்சல் சோதனையைச் செய்தோம். ரீட் மாட்டிய மவுத்பீஸின் அடித் துளையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, வாயால் காற்றை உறிஞ்சி வெளியே எடுக்க வேண்டும். ரீட் நன்றாகப் படிந்திருந்தால் மவுத்பீஸோடு ஒட்டிக்கொண்டு, சில விநாடிகள் நின்று, "டப்" என்று விடுபடும். காற்று கசிந்தால் ஒட்டவே ஒட்டாது. பழைய லிகச்சரில் ஒட்டவில்லை. புதியதில் மூன்று நான்கு விநாடி நின்றது.

இது வரை பார்த்ததில் புது லிகச்சர்தான் ஜெயித்தது. ஆனால் ஜெயித்ததற்குத் தங்கமும் நான்கு புள்ளிகளும்தான் காரணமா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. அதனால் லிகச்சரையே எடுத்துவிட்டு, ரீட்டை ஒரு பருத்தி நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டினேன். இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈவான் மியூலர் என்ற கிளாரினெட் கலைஞர்தான் உலோக லிகச்சரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். அதற்கு முன்பு எல்லோரும் நூல்தான் கட்டினார்கள். ஜெர்மன் முறை கிளாரினெட் வாசிப்பவர்களில் பலர் இன்றும் நூலை விடவில்லை. நூல் கட்டிய மவுத்பீஸும் அதே மூன்று நான்கு விநாடி நின்றது. வாசித்துப் பார்த்தார். கீச்சு இல்லை, காற்றுச் சத்தம் இல்லை.

என்னிடம் இருந்த பழசான, ஆனால் நசுங்காத, இரண்டு திருகு லிகச்சரிலும் அப்படியே. அன்று மாலை அந்த மாணவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். எனக்கும் பேச வார்த்தை வரவில்லை.

ஒலியைப் பற்றிய கேள்வி

கீச்சுக்குக் காரணம் கிடைத்துவிட்டது: கசிவு. ஆனால் விளம்பரம் முக்கியமாகச் சொன்னது கீச்சைப் பற்றி இல்லை, ஒலியின் நிறத்தைப் பற்றி. நல்ல நிலையில் உள்ள சாதாரண லிகச்சரோடு ஒப்பிட்டால் தங்க முலாம் பூசியது வேறாக ஒலிக்கிறதா? இதையும் பார்க்காமல் விட்டால், அதை வாங்கிய மூன்று பேருக்கும் பாதிப் பதில்தான் கிடைக்கும்.

எனக்கு முன்கூட்டியே ஒரு சந்தேகம் இருந்தது. பி ஃப்ளாட் கிளாரினெட் ரீட்டில், மவுத்பீஸை விட்டு விலகி வளைந்து அதிர்வது நுனியிலிருந்து சுமார் 2 சென்டிமீட்டருக்குள் உள்ள பகுதிதான். அதற்குக் கீழே ரீட் தட்டையான மேடையில் படிந்து கிடக்கும். லிகச்சர் பிடிப்பது அந்தப் படிந்த பகுதியை. அசையாமல் இருக்க வேண்டிய இடத்தைப் பிடிக்கும் பொருள், அதிர வேண்டிய இடத்துக்கு எவ்வளவு சுதந்திரம் கொடுத்துவிட முடியும்? தங்க முலாமும் அப்படித்தான். அது சில மைக்ரான் கனமே உள்ள படலம், அடியில் இருப்பது பித்தளை. ஆனாலும் சந்தேகத்தை வைத்து முடிவு சொல்ல நான் விரும்பவில்லை. ஏற்கெனவே ஒரு முறை என் காதை மட்டும் நம்பிப் பேசித்தான் இரண்டு பேரைச் செலவு செய்ய வைத்திருக்கிறேன்.

முதல் முயற்சியும் அதன் கோளாறும்

முதல் நாள் சோதனை பயனற்றுப் போனது. ஆனால் நான் அதிகம் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். மாணவர் முதலில் தங்க லிகச்சரில் ஒரு ஸ்கேலும் ஒரு நீண்ட ஸ்வரமும் வாசித்தார். பிறகு சாதாரண லிகச்சருக்கு மாற்றி அதையே வாசித்தார். திரைக்குப் பின்னால் இருந்த மூன்று பேரும் இரண்டாவதுதான் மங்கலாக இருக்கிறது என்றார்கள். விளம்பரம் சொல்வது சரிதான் போலிருக்கிறது என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு வரிசையை மாற்றி, சாதாரணத்தை முதலிலும் தங்கத்தை இரண்டாவதாகவும் வாசிக்கச் சொன்னேன். இப்போதும் இரண்டாவதுதான் மங்கல் என்றார்கள்.

மாறியது லிகச்சர் இல்லை, ரீட். ரீட் நாணலால் ஆனது. எச்சிலை உறிஞ்சி வாசிக்க வாசிக்க மாறிக்கொண்டே இருக்கும். கழற்றி மாட்டும் ஒன்றிரண்டு நிமிடத்தில் நுனி காய்ந்து லேசாக நெளியவும் செய்யும். போதாததற்கு, ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் ரீட் உட்காரும் இடம் மயிரிழை அளவு மாறுகிறது. ரீட் நுனி மவுத்பீஸ் நுனியைவிட ஒரு மயிரிழை மேலே போனால் வாசிப்பு கடினமாகும், கீழே இறங்கினால் இலகுவாகும். இது எல்லா கிளாரினெட்காரர்களுக்கும் கைப்பழக்கத்தில் தெரிந்த விஷயம். புது லிகச்சர் வாங்கியவர் அதை ஆசையோடு, கவனமாக, ரீட்டை நேராக வைத்து மாட்டுவார். அந்தக் கவனத்தின் பலனும் லிகச்சரின் கணக்கில்தான் சேரும்.

இரண்டாவது முயற்சி

அடுத்த வாரம் கொஞ்சம் ஒழுங்காகச் செய்தோம். ஒரே மவுத்பீஸ், ஒரே ரீட். ரீட்டின் இடத்தை மவுத்பீஸின் பக்கவாட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டோம். எந்த லிகச்சர் என்பதை ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டி முடிவு செய்தோம். மாட்டுவது நான், வேறு அறையில். ஒவ்வொரு முறையும் மாட்டிய பிறகு உறிஞ்சல் சோதனை. கசிந்தால் திரும்ப மாட்டுவது. வாசிப்பவர் இடத்தைத் தரையில் குறித்து, மைக்கை ஒன்றரை மீட்டர் தள்ளி நகராமல் நிறுத்தினோம். ஒவ்வொரு லிகச்சரிலும் ஆறு பதிவுகள். கேட்பவர்களுக்குக் கொடுக்கும் முன் எல்லாப் பதிவுகளின் அளவையும் சமப்படுத்தினோம். ஏனென்றால் கொஞ்சம் உரக்க ஒலிப்பது நல்ல ஒலியாகத் தோன்றுவது மனிதக் காதின் இயல்பு.

கேட்டவர்கள் மூன்று பேர்: இன்னொரு கிளாரினெட் ஆசிரியர், ஒலிப்பதிவு செய்பவர் ஒருவர், வரிசையின் மூத்த மாணவர் ஒருவர். ஒவ்வொருவருக்கும் இன்னது தங்கம், இன்னது சாதாரணம் என்று சொல்லி இரண்டு மாதிரிகள் போட்டுக்காட்டுவோம். பிறகு பெயர் சொல்லாமல் மூன்றாவது ஒன்று. அது இரண்டில் எது என்று சொல்ல வேண்டும். மூன்றாவது எப்போதும் வேறு ஒரு பதிவாக இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். இல்லையென்றால் வாசிப்பில் உள்ள சிறு பிசிறை அடையாளம் வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆளுக்கு 20 முறை. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே சராசரியாக 10 சரியாக வரும். 15-ஓ அதற்கு மேலோ ஊகத்தால் கிடைப்பதற்கான வாய்ப்பு 100-க்கு 2 அளவுதான், ஆகவே 15-ஐ எல்லையாக முன்பே எழுதி வைத்துக்கொண்டோம். கிடைத்தது 11, 9, 12. கிளாரினெட் ஆசிரியர் எடுத்ததுதான் 9. அவர் தொடங்குவதற்கு முன் தனக்குக் கட்டாயம் தெரியும் என்று சொல்லியிருந்தார். முடிவைப் பார்த்த பிறகு தானே முன்வந்து இன்னொரு சுற்று செய்து பார்க்கலாம் என்றார். நேரம் இல்லாமல் போய்விட்டது.

கடைசி வரிசை வரை போகும் என்ற வாக்கையும் சமப்படுத்தாத மூலப் பதிவுகளில் பார்த்தோம். ஒரே லிகச்சரில் அவர் அடுத்தடுத்து வாசித்த இரண்டு பதிவுகளுக்கு இடையே இருந்த வித்தியாசம், இரண்டு லிகச்சர்களின் சராசரிக்கு இடையே இருந்த வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

வாசிப்பவருக்கு மட்டும் தெரிந்தது

மாணவர் இந்த முடிவை ஏற்கவில்லை. "கேக்கறவங்களுக்குத் தெரியாம இருக்கலாம் சார், எனக்குத் தெரியுது" என்றார். அவர் பேச்சில் பிடிவாதம் இல்லை, தெளிவு இருந்தது. சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

அவர் கண்ணைக் கட்டிவிட்டு, மாட்டி முடித்த வாத்தியத்தைக் கையில் கொடுப்பேன். மவுத்பீஸுக்குக் கீழே உள்ள குட்டைக் குழாயான பேரலுக்கு மேலே தொடக்கூடாது. வாசித்துவிட்டு எது என்று சொல்ல வேண்டும். 16 முறையில் 12 சரியாகச் சொன்னார். ஊகத்தால் 12-ஓ அதற்கு மேலோ வர 100-க்கு 4 அளவுதான் வாய்ப்பு. அவர் சொன்னதில் விஷயம் இருக்கலாம். எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். காதால் இல்லை, மேல் பல்லில் ஒரு அதிர்வு வேறாக இருக்கிறது என்றார்.

கிளாரினெட் வாசிக்கும்போது மேல் பற்கள் மவுத்பீஸின் மேல் ஊன்றியிருக்கும். அதிர்வு பல் வழியாக, மண்டை எலும்பு வழியாக உள்காதுக்குப் போகும். வாசிப்பவர் கேட்கும் ஒலியும் எதிரில் உட்கார்ந்திருப்பவர் கேட்கும் ஒலியும் ஒருபோதும் ஒன்றாக இருப்பதில்லை. மவுத்பீஸின் மேல் ரப்பர் பேட் ஒன்றை ஒட்டிவிட்டு மறுபடி 16 முறை செய்தோம். இந்த முறை 9 சரி. ஒரே ஆள், ஒரே மாலை, களைப்பும் சேர்ந்திருக்கும். 12-க்கும் 9-க்கும் உள்ள இடைவெளியை வைத்து நான் பெரிதாக எதையும் கட்டமாட்டேன். ஆனால் வாசிப்பவர் உணர்வதாகச் சொல்லும் வித்தியாசத்தைக் கற்பனை என்று தள்ளிவிடுவதை அன்றோடு நிறுத்திக்கொண்டேன். அது அவருக்கு உண்மை. அரங்கில் இருப்பவருக்குப் போய்ச் சேராத உண்மை.

எடுத்த முடிவுகள்

முதல் மாணவர் தங்க லிகச்சரையே வைத்துக்கொண்டார். அதில் ஒற்றைத் திருகு, அது வாத்தியத்தின் மேல்பக்கம் இருக்கிறது. ரீட்டை விரைவாக மாற்ற முடிகிறது. ஸ்ருதி சேர்க்க மவுத்பீஸைத் திருப்பி இழுக்கும்போது ரீட் பக்கவாட்டில் நகர்வதில்லை. விளம்பரத்தில் ஒரு வரிகூட இல்லாத இந்த இரண்டும்தான் அவருக்குக் கிடைத்த நிஜமான லாபம். பல்லில் உணரும் அந்த அதிர்வு அவருக்கு நம்பிக்கை தருகிறது என்றால், தேர்வு நேரத்தில் அதுவும் வேண்டியதுதான் என்று நினைத்தேன். தேர்வில் தேறினார். ஸ்டக்காட்டோவில் மிச்சமிருந்த மழுக்கம் நாக்கை ரீட்டில் அதிகமாக அழுத்தியதால் வந்தது, அதைச் சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது.

மாற்றமே இல்லை என்று சொன்ன மாணவரின் ரீட்டுகளின் அடிப்பக்கத்தைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துப் பார்த்தபோது நெளிந்திருந்தன. நெளிந்த ரீட்டை எந்த லிகச்சர் பிடித்தாலும் கசியும். கண்ணாடி மேல் நயமான உப்புத்தாள் விரித்து அடிப்பக்கத்தை மெதுவாகத் தேய்த்துச் சமப்படுத்தக் கற்றுக்கொடுத்தேன். அவரிடமும் அவர் பெற்றோரிடமும் என் பேச்சால் நேர்ந்த செலவுக்கு மன்னிப்புக் கேட்டேன்.

கடன் வாங்கலாமா என்று கேட்ட மாணவியின் மவுத்பீஸும் ரீட்டும் உறிஞ்சல் சோதனையில் நன்றாகவே நின்றன. கசிவு கீழே இருந்தது. வாத்தியத்தின் மேல் பாகத்தில், துளையை மூடும் பேட் ஒன்று விளிம்பு கிழிந்து, துளையை முழுதாக மூடவில்லை. பேட் மாற்றிய அன்றே கீச்சு நின்றது. லிகச்சர் வாங்கியிருந்தால் அது அப்படியே இருந்திருக்கும், கடனும் இருந்திருக்கும்.

மறுபடி செய்தால்

முதலில், எந்தப் பொருளையும் பரிந்துரைப்பதற்கு முன் கசிவைப் பார்ப்பேன். உறிஞ்சல் சோதனைக்கு அரை நிமிடம் போதும். அப்புறம் ஒரு நூல் சுற்றி வாசிக்கச் சொல்வேன். நூலிலேயே தொந்தரவு போய்விட்டால் பழைய லிகச்சர்தான் குற்றவாளி, நசுங்காத எந்த லிகச்சரும் போதும். நூலிலும் தொந்தரவு நீடித்தால் லிகச்சரை விட்டுவிட்டு ரீட், மவுத்பீஸ், பேட் என்று கீழே போக வேண்டும்.

இறுக்குவதைப் பற்றி முதல் பாடத்திலேயே பேசியிருக்க வேண்டும். ரீட் நகராத அளவுக்கு இறுக்கினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் நாணல் நசுங்கும், பட்டை வளையும், மரை தேயும். அந்த மாணவர் ஐந்து ஆண்டு என்னிடம் படித்தும் மேல் திருகு வழுக்குவதை நான் கவனிக்கவில்லை. அது என் தவறு.

பழைய லிகச்சரில் ஒரு பதிவுகூட நாங்கள் எடுத்து வைக்கவில்லை. பிறகு நான் அதை விரலால் வட்டமாக்கிப் பார்க்கப் போய், பற்றவைத்த இடத்தில் விட்டுவிட்டது. அதனால் முதல் நாள் எங்களை அவ்வளவு கவர்ந்த அந்த முன்பின் ஒப்பீடு, நினைவில் மட்டும்தான் இருக்கிறது. இப்போது எங்கள் வரிசையில் யார் எதை வாங்கப் போவதாகச் சொன்னாலும், கையில் இருப்பதோடு ஐந்து நிமிடம் வாசித்துப் பதிவு செய்துவிட்டுத்தான் மேலே பேசுகிறோம்.